மணப்பாகும் உப்பளமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல் பிரிவு)

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்தது எங்கள் பெரிய முதலியார்சாவடி. கிழக்கே கடலும் மீனவர் குடியிருப்பும். மேற்கே செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும். 1968இல் தோன்றிய ஆரோவில் நகர் அருகிலேயே இருப்பதால், வெளியூராரும் வெளிநாட்டாரும் எங்கள் ஊர்ச் சாலையில் ஆண்டு முழுவதும் நடமாடுகின்றனர். அச்சாலையோரத்தில்தான் என் அத்தை சிறியதொரு காபிக் கடை நடத்தி வருகிறார்.

கடைக்கு வரும் இளைஞர்கள் சிலர், பழ மணமுள்ள பாகு கலந்த குளிர்ந்த காபி கிடைக்குமா என்று கேட்கத் தொடங்கினர். கடைகளில் விற்கும் அத்தகைய பாகின் விலையைக் கேட்ட அத்தைக்கு மயக்கமே வந்துவிட்டது. “மரத்தடியில முந்திரிப் பழம் கொட்டிக் கெடக்குது. அதுல பாகு காச்சுனா ஆகாதா?” என்று எண்ணினார். மகளிர் குழுவில் கடன் பெற்றுச் சர்க்கரையும் கண்ணாடிப் பாட்டில்களும் வாங்கினார். 2024 மே மாதத்தில் முந்திரிப் பழச் சாற்றைச் சர்க்கரையுடன் காய்ச்சி, இருபது பாட்டில்களில் அடைத்து, இறுக மூடி வைத்தார். மூன்றாம் வாரம் ஒரு பிற்பகலில் இரண்டு பாட்டில்கள் வெடித்தன. கண்ணாடிச் சில்லு ஒன்று, அருகில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையின் தலைக்கு மேலாகப் பறந்து சுவரில் பட்டது. எஞ்சிய பதினெட்டையும் அத்தை அன்றே மண்ணில் கொட்டிவிட்டார். கடன் மட்டும் மீந்தது.

குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது என்று சிலர் கூறவே, அடுத்து எலுமிச்சைப் பாகு செய்து குளிர்பெட்டியில் வைத்தார். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. அது மீண்டும் வந்தபோது பாகு புளித்து நுரைத்திருந்தது. அப்போதுதான் அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, மூணு வருஷமா காலேஜுல குழாயிலயும் குடுவையிலயும் என்னென்னவோ ஊத்திப் பாக்குற. என் பாட்டிலு ஏன் வெடிச்சுதுன்னு ஒனக்குச் சொல்லத் தெரியாதா?”

அக்கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

மணப்பாகு என்பது என்ன?

பழச்சாற்றில் சர்க்கரை கலந்து பாகாக்கி வைப்பது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் ‘மணப்பாகு’ என்றே ஒரு மருந்து வகை உண்டு. மாதுளம்பழச் சாற்றைச் சர்க்கரையுடன் சேர்த்துச் செய்யும் மாதுளை மணப்பாகை நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் காணலாம். நன்னாரி வேரைக் கொண்டு செய்யும் சர்பத்தும் இதற்கு உறவே. ஆகவே காபியில் கலக்கும் பழப்பாகைப் புதுமோகம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பழைய மணப்பாகு புதிய கோப்பைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

பழமோ வேரோ எதுவாயினும், மணப்பாகின் இலக்கணம் ஒன்றுதான். அது குளிர்பெட்டியின் துணையின்றி மாதக்கணக்கில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது வெறும் இனிப்புச் சாறு.

பாட்டில் ஏன் வெடித்தது?

பழத்தின் தோலில் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. காற்றிலும், நம் கைகளிலும், சரியாகக் கழுவாத பாட்டிலிலும் அவை உண்டு. சாற்றை நன்றாகக் காய்ச்சினால் அவை மடியும். ஆனால் ஆறவைக்கும்போதும் ஊற்றும்போதும் மீண்டும் புகுந்துவிடும். புகுந்தவை சர்க்கரையை உண்டு, சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. இதையே நொதித்தல் என்கிறோம். கோவாவில் முந்திரிப் பழச் சாற்றை வேண்டுமென்றே நொதிக்க வைத்து, பிறகு காய்ச்சி வடித்து ‘ஃபெனி’ என்னும் மது செய்கின்றனர். அத்தை வேண்டாமலே அப்பாதையில் பாதித் தொலைவு சென்றுவிட்டார்.

வாயுவின் அளவை நம் பாடப்புத்தகச் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 88 கிராம் கரியமில வாயு தோன்றும். அப்படியானால் 10 கிராம் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம் வாயுவைத் தரும். நம் ஊர் வெப்பத்தில் அது இரண்டரை லிட்டருக்கும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். பாட்டிலின் கழுத்திலோ இரண்டு விரற்கடை வெற்றிடந்தான் உண்டு. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை நொதித்தாலே போதும், கண்ணாடி தாங்காது.

உப்பளம் தந்த விடை

சர்க்கரைதானே ஈஸ்ட்டுக்கு உணவு? அப்படியிருக்கச் சர்க்கரை மிகுந்த பாகு எப்படிக் கெடாமல் நிற்கிறது? இவ்வினாவோடு மரக்காணம் வழியாகப் பேருந்தில் சென்றபோது, சாலையோரத்து உப்பளங்களில் வெண்மையாகக் குவித்திருந்த உப்பைக் கண்டேன். எங்கள் ஊர்க் கடற்கரையில் கருவாடு காய்வதும் உடனே நினைவுக்கு வந்தது. உப்பிட்ட மீன் ஏன் அழுகுவதில்லையோ, அதே காரணத்தால்தான் நல்ல பாகும் புளிப்பதில்லை.

உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. வெளியே உப்போ சர்க்கரையோ மிகுதியாகக் கரைந்திருந்தால், உள்ளிருக்கும் நீர் சவ்வின் வழியே வெளியேறும். இதுவே நாம் முதலாண்டில் படித்த சவ்வூடு பரவல். நீரை இழந்த ஈஸ்ட் எதிரே மலைபோல் உணவிருந்தும் உண்ண முடியாமல் ஒடுங்கிப்போகிறது. பாகில் நீர் இருக்கிறது. ஆனால் அந்நீர் சர்க்கரைக்கு வாக்குப்பட்டுவிட்டது, நுண்ணுயிருக்குக் கிடைப்பதில்லை.

இவ்வாறு கிடைக்கக்கூடிய நீரை அறிவியலார் ஓர் எண்ணால் குறிக்கின்றனர். தூய நீருக்கு அந்த எண் 1. தெவிட்டிய உப்புக் கரைசலுக்கு 0.75. நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரையுள்ள பாகுக்கு ஏறக்குறைய 0.86. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழும், பெரும்பாலான ஈஸ்ட்டுகள் 0.88க்குக் கீழும் பெருக முடிவதில்லை. ஆகவே 65 விழுக்காட்டுப் பாகு அவ்வெல்லைக்குச் சற்றே உள்ளே, பாதுகாப்பான பக்கத்தில் நிற்கிறது. 50 விழுக்காட்டுப் பாகு எல்லைக்கு வெளியே நிற்கிறது.

நூற்றுக்கு 26 பங்கு உப்பு செய்யும் வேலைக்குச் சர்க்கரை மட்டும் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? நீரை இழுத்துப் பிடிப்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையே தவிர எடை அன்று. 58.5 கிராம் உப்பு கரைந்தால் இரண்டு மோல் அயனிகள் கிடைக்கின்றன. ஒரே ஒரு மோல் துகள் பெறுவதற்கே 342 கிராம் சர்க்கரை வேண்டும். எடைக்கு எடை ஒப்பிட்டால் உப்பு ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு வலியது. அதனால்தான் கருவாட்டுக்குக் கைப்பிடி போதும். பாகுக்குக் கூடை வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு இரண்டா?

“அத்தை, எவ்வளவு சர்க்கரை போட்டீர்கள்?” என்று கேட்டேன். “சரிக்குச் சரிதான் போட்டேன். ஒரு டம்ளர் சாறுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை” என்றார்.

இங்கேதான் பிழை ஒளிந்திருந்தது. ஒரு லிட்டர் அளவுள்ள பாத்திரத்தில் சர்க்கரையைக் கொட்டி நிறுத்தால் ஏறக்குறைய 850 கிராம்தான் இருக்கும்; மணிகளுக்கிடையே காற்று இருப்பதே காரணம். அதே பாத்திரம் நிறைய முந்திரிச் சாறு ஏறக்குறைய 1,040 கிராம் இருக்கும். சாற்றின் இயல்பான இனிப்பை நூற்றுக்கு 10 பங்கு என்று கொள்வோம். இரண்டையும் கலந்தால் மொத்த எடை 1,890 கிராம். அதில் கரைந்த திடப்பொருள் 954 கிராம். விகிதம் நூற்றுக்கு 50. வெடித்ததில் வியப்பில்லை.

அதே சாற்றுக்கு இரண்டு டம்ளர் சர்க்கரை சேர்த்தால்? மொத்த எடை 2,740 கிராம். திடப்பொருள் 1,804 கிராம். விகிதம் நூற்றுக்கு ஏறக்குறைய 66. பழப்பாகுக்கு நம் நாட்டுச் சட்டம் வகுத்த அளவும் இதையொட்டியதே. 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணையில், பழப்பாகில் நூற்றுக்கு 25 பங்குக்குக் குறையாமல் பழச்சாறும், 65 பங்குக்குக் குறையாமல் கரைந்த திடப்பொருளும் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் அவ்வளவே தொடர்கிறது.

ஆகவே மனத்தில் இருத்த வேண்டிய வாய்பாடு இது: டம்ளரால் அளந்தால் ஒன்றுக்கு இரண்டு. தராசில் நிறுத்தால் ஒரு கிலோ சாற்றுக்கு 1,600 கிராம் சர்க்கரை.

சர்க்கரையைக் குறைத்துப் போட்டுவிட்டு, நெடுநேரம் காய்ச்சி நீரை வற்றச் செய்தாலும் 65 விழுக்காட்டை அடையலாம். ஆனால் பழத்தின் மணம் நீராவியோடு போய்விடும். வைட்டமின் சி பெரிதும் அழியும். மணம் போன பின் மணப்பாகு என்ற பெயர் எதற்கு?

தராசு சொன்ன தீர்ப்பு

உப்பளத்தில் உவர்நீரின் அடர்வை மிதவைத் திரவமானியால் பார்க்கின்றனர். பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் வெளியிட்ட அளவுமுறை அது. கடல்நீர் அதில் 3 முதல் 3.5 டிகிரி காட்டும். 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு படியத் தொடங்கும். அதே அளவுமுறையில் 65 விழுக்காட்டுப் பாகு 35 டிகிரி காட்டும்.

வீட்டில் திரவமானி இல்லையென்றால் கவலை வேண்டாம். அடர்வு என்பது குறிப்பிட்ட கொள்ளளவின் எடைதானே! வெறும் பாட்டிலை நிறுத்துக்கொள்க. ஒரு லிட்டர் குறி வரை ஆறிய பாகை ஊற்றி மீண்டும் நிறுக்க. பாகின் எடை 1,310 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் அது 65 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. குறைந்தால் மீண்டும் அடுப்பேற்றிச் சர்க்கரை சேர்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் மாதம் நானும் அத்தையும் ஐந்து பாட்டில்கள் மட்டும் செய்து பார்த்தோம். சர்க்கரையின் வலிமையை மட்டும் அறிவதற்காக வேறு பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை. நான்கு பாட்டில்கள் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அமைந்தன. எடை 1,315 கிராமை ஒட்டியிருந்தது. ஐந்தாவதற்குச் சர்க்கரை போதவில்லை. மீந்த சாற்றை வீணாக்க மனமின்றி அத்தை அதையும் ஊற்றிவிட்டார். எடை 1,240 கிராம், அதாவது 52 விழுக்காடு அளவே. எல்லாவற்றையும் தளர மூடி, பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கி, கட்டிலுக்கடியில் வைத்தோம்.

பன்னிரண்டாம் நாள் ஐந்தாம் பாட்டிலில் சிறு குமிழிகள் எழுந்தன. மற்ற நான்கும் மூன்று மாதம் அசையாமல் நின்றன. அவற்றிலும் ஒன்றின் கழுத்தில் மட்டும் மெல்லிய பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்தப் பாட்டிலைக் கழுவியபின் சரியாக உலர்த்தவில்லை. சூடான பாகின் ஆவியும் மூடியில் படிந்து சொட்டியிருக்கிறது. மேற்பரப்பில் நீர் சேர்ந்தால் அவ்விடத்தில் பாகு நீர்த்துவிடும். சில பூஞ்சணங்கள் 0.80 வரையிலும்கூட வளரக்கூடியவை. எனவே சர்க்கரையே அரண் என்றாலும், அந்த அரணுக்குக் காவலும் வேண்டும் என்று அறிந்தோம். கீழே வரும் செய்முறை அப்பாடத்தையும் சேர்த்து எழுதியது.

செய்முறை

வேண்டிய பொருள்கள்: முந்திரிப் பழச் சாறு 1 கிலோ, சர்க்கரை 1,600 கிராம், சிட்ரிக் அமிலம் 15 கிராம், ஜவ்வரிசி மாவு 5 கிராம், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 1.2 கிராம். இவ்வளவுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பாகு கிடைக்கும்.

1. மரத்திலிருந்து அன்று விழுந்த, அடிபடாத பழங்களையே எடுக்க வேண்டும். கொட்டையைத் திருகி நீக்கும்போது கொட்டை ஓட்டின் எண்ணெய் பழத்திலோ கையிலோ படக்கூடாது. அது தோலைப் புண்ணாக்கும்.

2. பழத்தை நன்கு கழுவி, பிழிந்து, துணியில் வடிகட்டுக. இரும்புப் பாத்திரம் ஆகாது. பழத்திலுள்ள துவர்ப்புப் பொருளாகிய டானின் இரும்புடன் சேர்ந்து சாற்றைக் கறுப்பாக்கிவிடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

3. முந்திரிப் பழம் தொண்டையைக் கரகரக்கச் செய்வதும் இந்த டானினாலேயே. ஜவ்வரிசி மாவைச் சிறிது நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சாற்றில் கலந்து, இரவு முழுவதும் குளிர்ச்சியான இடத்தில் அசையாமல் வைக்க வேண்டும். டானின் கஞ்சியோடு சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த சாற்றை மட்டும் இறுத்துக்கொள்க. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை இது.

4. தெளிந்த சாற்றை நிறுத்து, சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, சிறு தீயில் கிளறுக. சர்க்கரை முழுவதும் கரைந்து, தளதளவென்று கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். அமிலம் சுவைக்காக மட்டும் அன்று. சூட்டில் அது சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. அதனால் பாகு பின்னர் கற்கண்டுபோல் உறைவதில்லை. உப்பளத்தார் படிகத்தை வேண்டி உழைக்கின்றனர். பாகு செய்வோர் படிகம் வராமலிருக்க உழைக்க வேண்டும்.

5. பாட்டில்களையும் மூடிகளையும் அரைமணி நேரம் கொதிநீரில் வைத்து, கவிழ்த்து, ஈரமற உலர்த்த வேண்டும்.

6. பாகு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின், மெட்டாபைசல்பைட்டை ஒரு கரண்டி நீரில் கரைத்துச் சேர்த்துக் கலக்குக. சூட்டோடு சேர்த்தால் கந்தக வாயு பறந்துவிடும். இப்பொருளைக் கைக்கணக்கில் போடுவது பெருந்தவறு. நுண்தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். பத்து லட்சத்தில் 350 பங்குக்கு மேல் கந்தக டை ஆக்சைடு கூடாது என்பது 1955ஆம் ஆண்டின் ஆணை பாகுக்கு வகுத்த வரம்பு. மேற்சொன்ன அளவு அதற்கு உட்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஒவ்வாமல் போகலாம். ஆகையால் சேர்த்திருப்பதைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். நாவல் பழம் போன்ற கருநிறப் பழங்களின் நிறத்தைக் கந்தகம் வெளுக்கச் செய்யும். அவற்றுக்குச் சோடியம் பென்சோயேட் ஏற்றது.

7. கழுத்தில் இரண்டு விரற்கடை விட்டு நிரப்பி, மூடி, நாள் எழுதி, நிழலான இடத்தில் வைக்க. திறந்த பாட்டிலில் ஈரக் கரண்டி போடலாகாது.

விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

காபியில் கலக்கும் முறை

பாகு செய்தாயிற்று, காபியில் ஊற்றலாம் என்று அத்தை முதலில் சூடான பால் காபியில் ஊற்றினார். பால் திரிந்துவிட்டது. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம், அமிலத்தன்மை பி.எச். 4.6ஐ நெருங்கும்போது திரளும்; சூடு அதை விரைவுபடுத்தும். பழப்பாகு புளிப்புள்ளது. எனவே பழப்பாகையும் பால் காபியையும் சேர்க்காமலிருப்பதே நல்லது.

பால் இல்லாத குளிர்ந்த காபிக்கே இது பொருந்தும். வடிகட்டியில் இறக்கிய டிகாக்‌ஷனை இரண்டு பங்கு நீரில் கலந்து ஆறவைத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டியிட்டு ஊற்றி, 20 மில்லி பாகு சேர்க்க வேண்டும். அதிலேயே ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. தனியே சர்க்கரை வேண்டாம். நீரிழிவுள்ளோர் இதைத் தவிர்ப்பது நலம். காபியின் கசப்பும் முந்திரிப் பழத்தின் மணமும் ஒன்றையொன்று மறைக்காமல் நாவில் நிற்பதைக் குடித்துப் பார்த்தோர் அறிவர்.

பாலுடன்தான் வேண்டும் என்பார்க்கு நன்னாரிப் பாகு இருக்கிறது. எலுமிச்சை சேராத நன்னாரிப் பாகு பாலைத் திரிக்காது. மதுரை ஜிகர்தண்டாவில் குளிர்ந்த பாலும் நன்னாரிப் பாகும் சேர்ந்தே இருப்பது இதற்குச் சான்று.

முடிவுரை

முந்திரிக் கொட்டைக்கு விலை உண்டு, பழத்துக்கு இல்லை. பழம் கொட்டையைப் போல் பல மடங்கு எடையுள்ளது. வைட்டமின் சி ஆரஞ்சைக் காட்டிலும் மிகுந்தது. ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் தோப்புகளில் அது மண்ணோடு மண்ணாகிறது. அதை ஒரு குடும்பத்தின் வருவாயாக்குவதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. ஒரு தராசு தேவை.

அத்தை அந்த முதல் இருபது பாட்டில்களில் உழைப்பைக் குறைக்கவில்லை. தூய்மையிலும் குறை வைக்கவில்லை. சர்க்கரை விலைக்கு அஞ்சிப் பாதியை மட்டும் போட்டார். மிச்சம் பிடித்த சர்க்கரையின் விலை, முழுவதையும் கொட்டியதில் போயிற்று. ஓராண்டாகக் கட்டிய கடன் தவணை அதன் கணக்கில் சேரும்.

இப்போது கடைச் சுவரில் அத்தை கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறார்: ‘சாறு 1, சர்க்கரை 2, எடை 1310’. அந்த வரிக்குப் பின்னால் சவ்வூடு பரவலும், மோல் கணக்கும், அடர்வும் இருக்கின்றன என்பது கடைக்கு வருவோர்க்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும், நான் சொல்லியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் வாய்பாடுகளில் எவை நம் வீட்டு அடுப்படியில் வேலைக்காகக் காத்திருக்கின்றன என்று தோழர்கள் ஒவ்வொருவரும் தேடிப் பார்க்க வேண்டுமென விழைகிறேன்.